மூக்குதான் முதலில் வந்து சேர்கிறது

அண்ணன் மகளைக் கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மன்னார்குடியிலிருந்து பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்: சக்கரம் வைத்த பெட்டி இரண்டு, சுருட்டிய மெத்தை, வாளி, மக், கொடிக்கயிறு, திண்டுக்கல் பூட்டு, பருப்புப்பொடி ஒரு டப்பா, எலுமிச்சை ஊறுகாய் ஒரு டப்பா. நான்கு பேர் தங்கும் அறை. கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"அத்தை, என்னமோ வாடை அடிக்குது."

அடிக்கத்தான் செய்தது. பினாயில், சமீபத்தில் அடித்த பெயின்ட், போன வருஷத்துப் பெண் யாரோ அலமாரியில் விட்டுப்போன அந்துருண்டை, மூன்றும் கலந்த நெடி. அவள் சாமான்களை அடுக்கிக்கொண்டிருக்க, நான் கீழே போய் வார்டன் நீட்டிய படிவங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். கதவருகே வந்ததும் அதே நெடி மறுபடியும் என் மூக்கில் அறைந்தது. "இந்த வாடைக்கு ஜன்னலையாவது திறந்து வைக்கக் கூடாதா?" என்றேன்.

"எந்த வாடை?" என்றாள்.

முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவளுடைய மூக்கு விடுதியில் சேர்ந்துவிட்டது. தூக்கம், வயிறு, மனசு எல்லாம் இன்னும் மன்னார்குடியில்தான் இருந்தன.

கட்டணம் கட்டிய ரசீதில் சேர்ந்த தேதி ஒன்றுதான். உடம்பு அப்படிச் சேர்வதில்லை. ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தனக்கு வசதிப்பட்ட நாளில் வந்து சேர்கிறது. முதல் வாரத்தில் பிள்ளைகள் படும் பாட்டை "செல்லமா வளர்ந்த பிள்ளை, அதான்" என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். செல்லத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை.

மூக்குக்கு ஏன் இவ்வளவு அவசரம்? நம் மூக்கின் உச்சியில், ஒரு சின்னத் தபால்தலை அளவே இருக்கும் இடத்தில், ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-ல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 2004-ல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. அந்துருண்டையிலிருந்து கிளம்பிய ஒரு மூலக்கூறு ஏற்பியில் வந்து ஒட்டியதும் நரம்பணுவின் வாசல் திறந்து, உள்ளே கால்சியம் பாய்கிறது. மூளைக்குச் செய்தி போகிறது. வேடிக்கை என்னவென்றால், உள்ளே வந்த அதே கால்சியம்தான் வாசலைச் சாத்தும் வேலையையும் தொடங்கிவைக்கிறது. கோயில் மணியை அடித்தவரே அடுத்த கணம் மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்வது போல. வாடை காற்றில் அப்படியே இருக்கிறது, செய்தி மட்டும் நின்றுவிடுகிறது. அறைக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தால் வாசல் மறுபடி திறந்துகொள்ளும். கையெழுத்துப் போடப்போன எனக்கு நடந்தது அதுதான்.

மூக்கின் நோக்கம் வாசனையை ரசிப்பதல்ல, புதிதாக வந்ததைக் கண்டுபிடிப்பது. ஏற்கெனவே இருப்பதை அது கணக்கிலிருந்து கழித்துவிடும். அதனால்தான் உலகத்தில் நமக்குத் தெரியாத ஒரே வீட்டு வாசனை நம் வீட்டு வாசனை. அடுத்த வீட்டுக்குள் நுழைந்தால் சாம்பிராணியா, நாய்க்குட்டியா, ஈரத்துணியா என்று உடனே சொல்லிவிடுகிறோம். சொந்த வீட்டுக்கு என்ன வாசனை என்று கேட்டால் விழிக்கிறோம்.

விடுதிக்குப் போன மூன்றாம் நாள் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துண்டை உருவும்போதுதான் அந்த வாசனை முதன்முதலாகத் தெரிகிறது. அது நேராகப் போய்த் தாக்குவதற்கும் காரணம் உண்டு. பார்வை, ஒலி, தொடுகை எல்லாம் தலாமஸ் என்ற சுங்கச்சாவடியில் நின்றுதான் மூளையின் மேற்பரப்புக்குப் போகின்றன. வாசனைக்கு அந்தச் சாவடி கிடையாது. மூக்கிலிருந்து ஒரே தாவலில் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு அருகே போய் இறங்கிவிடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வொன்றில், 96 பெண்களைச் சட்டைகளை முகரச் சொன்னார்கள். தங்கள் துணைவர் அணிந்த சட்டையை முகர்ந்தவர்கள் மன அழுத்தம் குறைவாக இருந்ததாகச் சொன்னார்கள். முகம் தெரியாத ஆணின் சட்டையை முகர்ந்தவர்களுக்குக் கார்ட்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு கூடியிருந்தது. அம்மாவின் பழைய புடவையைப் போர்வையாகக் கொண்டுபோகும் பெண்களுக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்காது. அதைத் துவைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

இனி தூக்கம். இதில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

"புது இடம், அதான் தூக்கம் வரலை" என்று நம் பாட்டிகள் சொன்னதை அறிவியல் ரொம்ப காலம் ஒரு தொந்தரவாகத்தான் பார்த்தது. தூக்கத்தை ஆராய்பவர்கள் ஆட்களை ஆய்வகத்தில் படுக்கவைத்துத் தலையில் கம்பிகளை ஒட்டுவார்கள். முதல் இரவு எவரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. 1966-ல் ஆக்னியூ, வெப், வில்லியம்ஸ் ஆகிய மூவர், தொடர்ந்து நான்கு இரவுகள் ஆட்களைத் தூங்கவைத்துப் பார்த்து, இந்த 'முதல் இரவு விளைவு' ஒரு ஒழுங்கான நிகழ்வு என்று காட்டினார்கள். (சினிமா பார்த்துப் பழகியவர்கள் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் கொள்ள வேண்டாம்.) ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் குறைகின்றன, விழிப்பு கூடுகிறது, இரண்டாம் இரவிலிருந்து சரியாகிறது. அதன்பிறகு பல ஆய்வகங்கள் முதல் இரவின் பதிவைக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டாம் இரவிலிருந்து கணக்கெடுக்கத் தொடங்கின.

குப்பையில் போட்டதை 50 ஆண்டுகள் கழித்துப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார்கள் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர். 2016-ல் வெளியான அவர்களுடைய முடிவு விசித்திரமானது. புது இடத்தில் முதல் இரவு, ஆழ்ந்த தூக்கத்தின்போது மூளையின் வலப்பாதி நன்றாகத் தூங்குகிறது. இடப்பாதியின் ஒரு வலைப்பின்னல் மட்டும் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. தூங்குபவரின் வலக்காதில் இடையிடையே ஒரு மாறுபட்ட ஒலியைக் கேட்கச் செய்தால் இடப்பாதி துள்ளிக்கொண்டு பதில் தருகிறது. வலக்காதில் விழும் ஒலி பெரும்பாலும் இடப்பாதிக்குத்தான் போகும். அந்த ஒலியைக் கேட்டு அவர்கள் கண்விழிக்கும் வேகமும் அதிகம். ஒரு வாரம் கழித்து அதே அறையில் படுக்கவைத்தபோது இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிட்டது.

அதாவது, புது இடத்தில் மூளை தன் ஒரு பாதியைக் கூர்க்காவாக நிறுத்திவிட்டு மறுபாதியை மட்டும் தூங்க அனுப்புகிறது. டால்பின்கள் இப்படித்தான் ஆயுள் முழுக்கத் தூங்குகின்றன, மூச்சுவிட மேலே வர வேண்டுமே. காட்டு வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1999-ல் வெளியானது. நடுவில் இருந்த வாத்துகள் பெரும்பாலும் இரண்டு கண்களையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை கூட்டத்துக்கு வெளிப்பக்கம் இருந்த கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்கின. கதவோரக் கட்டில் கிடைத்த பிள்ளையின் நிலைமை வாத்துக்கு நன்றாகப் புரியும்.

இதைப் படித்த பிறகு வலக்காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தால் கூர்க்காவை ஏமாற்றலாமோ என்று எனக்குத் தோன்றியது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் முயன்று பார்த்தேன். பலனில்லை. நாதஸ்வரக்காரர்கள் நாலரை மணிக்கே வந்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.

விடுதியில் கூர்க்காவுக்கு வேலை ஏராளம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம், நடைவழியில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போவது, மேலே மின்விசிறியின் 'டக், டக்'. வீட்டு மின்விசிறியும் சத்தம் போட்டதுதான். அந்த 'டக்'கை மூளை என்றைக்கோ கணக்கிலிருந்து கழித்துவிட்டது. திரும்பத் திரும்ப வந்து கெடுதல் எதுவும் செய்யாத ஒன்றைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் உயிரினங்களின் மிகப் பழைய கல்வி. எரிக் காண்டல் இதைக் கடல்முயல் என்ற எலும்பில்லாப் பிராணியிடமே காட்டினார். மெல்லத் தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும் அது, தொடத் தொட, போகப் போக அலட்டிக்கொள்வதில்லை. நினைவின் அடிப்படையைத் தேடிய இந்த வழியில் போய்த்தான் அவர் 2000-ல் நோபல் பரிசு பெற்றார். மூளையென்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத கடல்முயலால் முடிந்தது, கட்-ஆஃப் 190 வாங்கிய பெண்ணால் முடியாதா? முடியும். ஆனால் சத்தம் ஒரே மாதிரி வர வேண்டும். மின்விசிறி இரண்டு மூன்று இரவில் பழகிவிடும். பக்கத்துக் கட்டில் குறட்டை அத்தனை சீக்கிரம் பழகாது. அது விட்டுவிட்டு, சுருதி மாறி வரும். அடுத்தது எப்போது என்று மூளை காத்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தில் ரோனன்பெர்க் குழுவினர் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஏறக்குறைய 25,000 பேரின் தூக்க நேரத்தைத் திரட்டி 2004-ல் வெளியிட்டார்கள். குழந்தைகள் சீக்கிரம் தூங்கி சீக்கிரம் எழுகிறார்கள். பருவ வயதில் உடம்பின் கடிகாரம் ஆண்டுக்காண்டு பின்னால் நகர்கிறது. பெண்களுக்குச் சுமார் 19.5 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 20.9 வயதிலும் அது உச்சத்தைத் தொட்டுவிட்டு மெல்லத் திரும்புகிறது. வாழ்க்கையிலேயே மிகத் தாமதமாகத் தூக்கம் வரும் வயதில்தான் நாம் பிள்ளைகளை விடுதியில் சேர்க்கிறோம். சேர்த்துவிட்டு ஏழு மணிக்கு இட்லி, எட்டரைக்குக் கணக்கு வகுப்பு என்கிறோம். வீட்டில் பதினொரு மணிக்கு விளக்கை அணைக்க ஒருவர் இருந்தார். விடுதியில் நான்கு பேரில் ஒருத்திக்காவது விளக்கு வேண்டியிருக்கும்; அந்த வெளிச்சமே மெலடோனின் என்ற தூக்கச் சுரப்பைத் தள்ளிப்போட்டு, மற்ற மூவரின் கடிகாரத்தையும் இன்னும் பின்னுக்கு இழுக்கும்.

தூக்கத்தைப் பற்றி வீட்டுக்குப் போனில் சொல்வார்கள். வயிற்றைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். அம்மா "சாப்பிட்டியா?" என்று தினமும் மூன்று முறை கேட்கிறாள், போயிற்றா என்று கேட்பதில்லை. முதல் வாரத்தில் விடுதியில் பலருக்கும் நடப்பது மலச்சிக்கல்தான். காலையில் ஏதாவது வயிற்றுக்குள் போனதும் பெருங்குடல் அசைந்து கொடுப்பது இயல்பான ஓர் அனிச்சைச் செயல். விழித்தெழுவதும் அதைத் தூண்டும். வீட்டில் காபி, செய்தித்தாள், கழிப்பறை என்று அதற்கொரு தடம் இருந்தது. இங்கே காபிக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு வரிசை நிற்கிறது, கதவுக்கு வெளியே "அக்கா, லேட் ஆகுமா?" என்று ஒரு குரல். அடக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அடக்கினால் அந்த உந்துதல் தானாக அடங்கிவிடும். ஆனால் உள்ளே இருப்பது சும்மா இருப்பதில்லை. பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாள் இன்னும் இறுகும். கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டாமென்று தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அவர்கள் சிறுநீர்த் தொற்றையும் சேர்த்து வரவழைத்துக்கொள்கிறார்கள். இதற்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அரை மணி நேரம் முன்னால் எழுந்து வரிசைக்கு முன்னால் போய்விடு. எங்கள் காலத்திலும் இதுதான் வழி. அறிவியல் இதைவிட நல்லதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டம் மூளையைவிடச் சமர்த்து. 2014-ல் லாரன்ஸ் டேவிட், பீட்டர் டர்ன்பா குழுவினர், சில தன்னார்வலர்களின் சாப்பாட்டை அடியோடு மாற்றி, தினமும் மலத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்தே நாள் சோதனை. அதற்குள்ளாகவே கூட்டத்தில் யார் பெருகுவது, யார் அடங்குவது என்பது மாறிவிட்டது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் இரண்டொரு நாளில் பழையபடி ஆனது. ஆகவே மெஸ் சாம்பாரைக் குடல் முதல் வாரத்துக்குள் ஏற்றுக்கொண்டுவிடும். நாக்குதான் நான்கு வருஷம் முரண்டு பிடிக்கும்.

மெஸ் சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் சோடா போடுகிறார்கள் என்பது தமிழ்நாட்டு விடுதிகள் அனைத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் செய்தி. போட்டார்களோ இல்லையோ, போட்டால் என்ன ஆகும் என்பது வேதியியல். துவரம்பருப்பைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் காரத்தன்மையில் சீக்கிரம் கரையும். பருப்பு குழையும், எரிவாயு மிச்சமாகும். கூடவே பி1 வைட்டமினும் அழியும். சாம்பார் ருசிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் சோடா காரணமில்லை. கொத்தமல்லி, பெருங்காயம், தாளிப்பு ஆகியவற்றின் மணம் காற்றில் பறந்துவிடும் இனம். ஆறரைக்கு இறக்கிய பாத்திரத்தை எட்டேகால் வரை சூட்டிலேயே வைத்திருந்தால் சாம்பார் அங்கேயே இருக்கும், அதன் மணம் கிளம்பிப் போய்விடும். முதல் பந்தியில் உட்காருகிறவர்கள் மெஸ்ஸைக் கொஞ்சம் குறைவாகத் திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது.

தண்ணீரையும் திட்டுவார்கள். சிறுவாணித் தண்ணீருக்குப் பெயர்போன ஊரிலும், ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரியில் ஆழ்துளைக் கிணறுதான். கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரையாகப் படியும், நுரை வராது, முடி பிசுக்கென்று கிடக்கும். அதுவரை நிஜம். "அத்தை, ஒரு வாரத்துலயே முடி கொத்துக்கொத்தா கொட்டுது" என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அழுத்தத்தினாலோ காய்ச்சலினாலோ முடி உதிர்வதென்றால் அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். முடியின் வேர் முதலில் ஓய்வுக்குப் போக வேண்டும், பிறகுதான் விடுபடும். முதல் வாரத்தில் சீப்பில் வருவது தினமும் வந்ததுதான். வீட்டில் அம்மா பின்னிவிட்டதால் சீப்பை அவள் பார்த்ததில்லை.

முதல் வாரக் கடைசியில் அறையில் நான்கு பேரில் மூன்று பேருக்குச் சளி. பிரிட்டனில் கல்லூரிக்குப் புதிதாக வருபவர்களின் காய்ச்சல் என்று இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ்களில் மட்டும் 160-க்கு மேல் வகைகள் தெரியவந்திருக்கின்றன. ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றுக்கு அவ்வளவாக உதவாது. தேனியிலிருந்து வந்தவள் ஒன்றைக் கொண்டுவருகிறாள், திருத்தணியிலிருந்து வந்தவள் வேறொன்றை. நான்கு ஊர்த் திருவிழா ஒரே அறையில் நடக்கிறது. இங்கேதான் தூக்கமும் வந்து சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் 164 தன்னார்வலர்களின் தூக்கத்தை அளந்துவிட்டு, அவர்கள் மூக்கில் ரைனோவைரஸைச் சொட்டுவிட்டுத் தனிமையில் வைத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம்.

அம்மை வேறு கணக்கு. சின்னம்மை குளிர்நாடுகளில் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளின் நோய். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அது வராமலேயே பதினெட்டு வயதைத் தொடுகிறவர்கள் அதிகம், தடுப்பூசி போட்டிருந்தாலொழிய. ஆகவே விடுதி அதற்கு நல்ல வேட்டைக்காடு. தொற்றியதிலிருந்து கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும் என்பதால் முதல் வாரத்தில் தொற்றியது மூன்றாம் வாரத்தில்தான் முகம் காட்டும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை கட்டுவதற்குள் பக்கத்து அறைக்குப் போய்விட்டிருக்கும்.

பெண்கள் விடுதியில் இன்னொரு பேச்சு உண்டு: ஒரே அறையில் இருந்தால் எல்லாருக்கும் மாதவிலக்கு ஒரே நாளில் வரத் தொடங்கிவிடும் என்பது. இது பாட்டி கதையல்ல, 'நேச்சர்' இதழில் வந்த கதை. மார்த்தா மெக்கிளின்டாக் 1971-ல், வெல்லெஸ்லி கல்லூரி விடுதியில் 135 பெண்களைக் கவனித்து, நெருங்கிய தோழிகளின் தேதிகள் மாதங்கள் போகப்போக நெருங்கிவந்ததாக எழுதினார். உலகம் முழுக்கப் பரவியது. பிறகு 2006-ல், சீனாவில் விடுதியில் தங்கியிருந்த 186 பெண்களை ஓராண்டு கவனித்த ஆய்வு அப்படி எதுவும் இல்லை என்றது. ஏன் அப்படித் தோன்றுகிறது? 28 நாள் சுழற்சி உள்ள இருவருக்கு நடுவே அதிகபட்ச இடைவெளி 14 நாள், சராசரி 7 நாள்தான். ஆளுக்கு ஐந்து நாள் என்றால் ஒரு நாளாவது ஒன்றன்மேல் ஒன்று விழ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. நான்கு பேர் அறையில் ஆறு ஜோடிகள். அதில் ஒரு ஜோடிக்குக்கூடப் பொருந்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பொருந்திய மாதம் பேச்சாகிறது, பொருந்தாத மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் மாதம் தேதி தள்ளிப்போவது மட்டும் நிஜமாகவே நடக்கும். அழுத்தமும் தூக்கக்கேடும் இருந்தால் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் கருமுட்டை வேலையைக் கொஞ்சம் ஒத்திவைக்கும்.

தோழிகள் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் வாரத்தில் "ஒத்த குணமுள்ளவங்க யாருமே இல்லை" என்று அழுத பெண்கள்தான் நான்காம் வருஷக் கடைசியில் அதே ஆட்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். குணத்தைவிடக் கதவுகளுக்கு இடையிலான தூரம் வலியது என்று 1950-லேயே லியோன் பெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் எழுதிவிட்டார்கள். எம்.ஐ.டி.யில் திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று கேட்டார்கள். அடுத்த வீடாக இருந்தால் 41 சதவீதம். இரண்டு வீடு தள்ளி 22. மூன்று தள்ளி 16. அதே தளத்தின் மறுகோடியில் 10 சதவீதம்தான். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வேறு தளத்திலும் நண்பர்கள். நம் விடுதிகளில் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து அறைக்காரிக்கு ஊரெல்லாம் தெரிந்திருப்பது இதனால்தான்.

அந்த அறையை யார் தீர்மானிக்கிறார்கள்? பல கல்லூரிகளில் பெயரின் முதலெழுத்து. மேரிலாந்து மாநிலக் காவல் பயிற்சிப் பள்ளியில் அறையும் இருக்கையும் அகரவரிசைப்படி ஒதுக்கப்பட்டிருந்தன. அங்கே யாருக்கு யார் நண்பரானார்கள் என்று மேடி சீகல் ஆராய்ந்து 1974-ல் வெளியிட்டார். மதம், வயது, பொழுதுபோக்கு எல்லாவற்றையும்விடப் பெயரின் முதலெழுத்துதான் நட்பைச் சரியாக முன்கூட்டிச் சொன்னது. அபிநயாவுக்கு அபிராமியும் கார்த்திகாவுக்கு கார்த்திகைச்செல்வியும் உயிர்த்தோழியாவது விதியின் வேலை என்று நினைத்திருந்தேன். அட்டெண்டன்ஸ் பதிவேட்டின் வேலை.

பக்கத்தில் இருந்தால் போதாது, நேரமும் வேண்டும். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி ஹால், புதிதாகக் கல்லூரி சேர்ந்தவர்களையும் புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கேட்டுப் போட்ட கணக்கு 2018-ல் வெளியானது. அறிமுகமானவர் சும்மா பழகும் நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாடம் கேட்கும் நேரம் இதில் அவ்வளவாகப் பலன் தருவதில்லை. சும்மா பேசிக்கிடக்கும் நேரம்தான் கணக்கு. அறைத்தோழிகள் நாளுக்கு ஆறு மணி நேரம் விழித்து ஒன்றாக இருந்தால் முதல் படியைத் தாண்டவே எட்டு ஒன்பது நாள். முதல் வாரத்தில் யாருமில்லை என்று தோன்றுவது கணக்குப்படி சரி. நாள் போதவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக வந்து சேர்வது மனசு. அதற்கு முதலில் நோயென்று பெயர் வைத்தவரே ஒரு மாணவர்தான். 1688-ல் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த யோஹானஸ் ஹோபர், 19 வயதில், தன் ஆய்வேட்டுக்கு இதையே பொருளாக எடுத்துக்கொண்டார். திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை அவர்தான் செய்தார். அவர் எழுதிய நோயாளிகளில் ஒருவர் பெர்னிலிருந்து பாசலுக்கு வந்து தங்கியிருந்த இளைஞர். சாப்பாடு இறங்கவில்லை, காய்ச்சல் விடவில்லை, இனி பிழைக்க மாட்டார் என்ற நிலை. ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று தீர்மானித்து ஏற்பாடு தொடங்கியதுமே மூச்சு சீராயிற்று. ஊர் போய்ச்சேரும் முன்பே குணமாகிவிட்டார். இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. மன்னார்குடிக்கும் கோவைக்கும் அதைப்போல மூன்று மடங்கு.

வீட்டு ஞாபகம் நாள் முழுக்கச் சீராக இருக்கும் வலி அல்ல. வேலையில் இருக்கும்போது ஒதுங்கி நிற்கும். கை சும்மா இருக்கும் நேரம் பார்த்து வரும். எங்கள் காலத்தில் அதற்கு நேரமே குறித்திருந்தது, மாலை ஆறு மணி. வீட்டில் விளக்கேற்றும் நேரம். மூளை ஓயாமல் அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்தபடியே இருக்கும் உறுப்பு. பதினேழு வருஷம் ஆறு மணிக்குச் சுவிட்ச் போடும் சத்தம், டிகாக்ஷன் மணம், அப்பாவின் வண்டி என்று வரிசையாக வந்திருந்தால், ஆறு மணிக்கு அது அவற்றைக் கேட்கத்தான் செய்யும். ஒவ்வொன்றாக வராமல் போகும்போது ஒவ்வொன்றாக வலிக்கும். புது எதிர்பார்ப்புகள் எழுதப்படும் வரை இது நடக்கும், அதற்கு வாரங்கள் ஆகும். நான் எஸ்டிடி பூத்தில் கட்டணம் குறையும் நேரத்துக்காகக் காத்து நின்று மூன்று நிமிடம் பேசுவேன், அதில் இரண்டு நிமிடம் அழுகை. இவள் வாட்ஸ்அப்பில் அண்ணி தோசை ஊற்றுவதை நேரலையில் பார்க்கிறாள். எது மேல் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. தோசையின் படம் வருகிறது, வாசனை வருவதில்லை.

நான்காம் வாரம் சனி, ஞாயிறோடு ஒரு திங்கள் விடுமுறை சேர்ந்து வந்தது. வெள்ளி இரவுப் பேருந்தில் நின்றுகொண்டே பாதி தூரம் போயிருக்கிறாள். அதற்கப்புறம் நடந்ததை அண்ணி போனில் சொன்னார். விடியற்காலை நடையில் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாளாம்.

"அம்மா, நம்ம வீட்ல என்னம்மா வாசனை இது?"

அண்ணி அடுப்படி, பூஜை அலமாரி, கொல்லைப்புறம் வரை போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்திருக்கிறார். "எனக்கு ஒண்ணும் வரலையேடி."

மறுநாள் காலை அவளுக்கும் வரவில்லை.